அம்மா உண்பதும் குடிப்பதும் குறைந்துவிட்டது: காரணம் என்னவாக இருக்கலாம்?

கேள்வி (கோண்டாவில்)

78 வயதான என் அம்மா நிமோனியாவுக்காக வைத்தியசாலையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை ஆகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துக் கொடுத்தாலும் ஒன்றுக்கு மேல் உண்பதில்லை. இரவில் கட்டிலருகே மூடிவைக்கும் செம்புத் தண்ணீர் விடியும்போது வைத்தபடியே இருக்கிறது. கேட்டால், “பசியுமில்லை, விடாயுமில்லை” என்கிறார். வயது போனால் இப்படித்தான் என்று அயலவர்கள் சொல்வதை ஏற்கலாமா?

மறுமொழி (ஓய்வுபெற்ற தாதி, சாவகச்சேரி)

ஏற்காதீர்கள். முதுமையில் தாக உணர்வு மழுங்குவதும், தொற்று உண்டாக்கும் அழற்சி பசியை அடக்குவதும் உண்மைதான். ஆயினும் வார்ட்டில் நான் கண்ட அளவில், “பசியில்லை” என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் வேறொன்று ஒளிந்திருக்கும். முதலில் ரோச் அடித்து வாயைப் பாருங்கள். அன்ரிபயோற்றிக் எடுத்தவர்களுக்குப் பூஞ்சணத் தொற்றினால் நாக்கில் தயிர் படிந்தாற்போல வெண்படலம் தோன்றி, விழுங்கும்போது எரியும். உடல் மெலிந்தவருக்குக் கட்டுப்பல் தளர்ந்து முரசை உரஞ்சும். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்போமினும் பசியைக் குறைக்கலாம், மலச்சிக்கலும் அப்படியே. குளிசைகளை நீங்களாக நிறுத்தாமல், அனைத்தையும் ஒரு பையில் இட்டு வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். சலம் கடும் நிறத்தில் போனாலோ, பேச்சுக் குழம்பினாலோ, வழமைக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

மறுமொழி (சுன்னாகம்)

பாரிசவாதம் வந்தபின் என் ஐயா தேநீர் குடித்தவுடன் இருமுவார்; குரலும் கரகரக்கும். புரைக்கேறும் என்ற பயத்தினாலேயே அவர் குடிப்பதைக் குறைத்திருந்தார் என்பது, விழுங்கலைச் சோதித்த பேச்சுச் சிகிச்சையாளர் சொல்லும்வரை எங்களுக்குத் தெரியவில்லை. அதன்பின் சிகிச்சையாளர் காட்டிய பதத்துக்குக் குடிபானங்களைத் தடிப்பாக்கி, நிமிர்ந்து இருக்கவைத்தே கொடுத்தோம். உணவோ நீரோ நுரையீரலுக்குள் போனாலும் நிமோனியா வரும் என்பதால், இதையும் சோதிப்பியுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. விழுங்குவதில் குறையில்லை என்று வைத்தியர் சொன்னார். நாக்கும் சுத்தமாகவே இருந்தது. எங்கள் மலசலகூடம் கிணற்றடிக்கு அப்பால், வளவின் கோடியில் இருக்கிறது. இரவில் என்னை எழுப்ப வேண்டி வரும் என்று அம்மா மத்தியானத்திலிருந்தே தண்ணீரைத் தவிர்த்து வந்திருக்கிறார். நாங்கள் அருகில் இல்லாத நேரத்தில் என் மகளிடம்தான் அதைச் சொன்னாராம். கொமோட் கதிரை ஒன்றை இரவல் வாங்கிக் கட்டிலருகே வைத்தேன். இன்று காலை செம்பு பாதியாகக் குறைந்திருந்தது. இடியப்பம் மட்டும் இன்னும் ஒன்றுதான்.