ஹைட்ரஜன் மோதி நிலாப் பாறையிலிருந்து அணு கிளம்புமா?

பெரம்பூர் மாடி:
நிலாவில் காற்றே கிடையாது என்றேன். பதினோராம் வகுப்புப் படிக்கும் என் பையன் ஒத்துக்கொள்ளவில்லை. சோடியமும் பொட்டாசியமும் மெல்லிசாகப் பரவியிருக்கிறதாம். 1988இலேயே பூமியிலிருந்து பார்த்துவிட்டார்களாம். சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்னூட்டத் துகள்கள், அதாவது சூரியக் காற்றுதான், பாறையிலிருந்து தட்டிவிடுகிறதாம். சூரியக் காற்று பெரும்பாலும் ஹைட்ரஜன் அயனிதானே? அவ்வளவு லேசான சாமான் பாறையை என்ன செய்யும்? வெயிலில் ஆவியாகிறதோ?

அம்பத்தூர் வேக்குவம்:
சூடு இல்லை சார். நிலாவில் உச்சி வெயில் சுமார் 120 டிகிரி. சிலிக்கேட் தாது அதற்கெல்லாம் அசையாது. நான் எஸ்டேட்டில் ஒரு கோட்டிங் யூனிட்டில் வேக்குவம் சேம்பர் ஓட்டியவன். ஆர்கான் அயனியை உலோகத் தகட்டில் மோதவிட்டு, பெயர்ந்து வரும் அணுவை வைத்துத்தான் பூச்சு போடுவோம். ஸ்பட்டரிங் என்போம். தகடு உருகாது, பின்பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நிலாவிலும் அதே வேலைதான், பம்ப் போட்டுக் காற்றை இழுக்கும் தலைவலி மட்டும் கிடையாது.

நீங்கள் சொன்ன ஹைட்ரஜன் அயனி என்பது புரோட்டான்தான். நொடிக்கு 400 கிலோமீட்டரில் வரும் புரோட்டானிடம் சுமார் 800 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் இருக்கும். தாதுவில் அணுவைப் பிடித்திருக்கும் கட்டு சில எலக்ட்ரான் வோல்ட்தான். ஆற்றலுக்குப் பஞ்சமில்லை, எடைதான் போதாது. நூறு புரோட்டான் விழுந்தால் ஒன்றிரண்டு அணு கிளம்பினாலே பெரிசு. கூடவே கொஞ்சம் ஹீலியமும் வரும். எண்ணிக்கை குறைவு, அடி பலம். தெறிப்பது சோடியம் மட்டுமில்லை, ஆக்சிஜன், சிலிக்கான், மக்னீசியம் எல்லாம்தான். சோடியம் சூரிய ஒளியை மஞ்சளில் நன்றாகச் சிதறடிப்பதால் சுலபமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

கோட்டூர்புரம் வாசி:
ஐயா சொல்வது சரி. ஆனால் எல்லாவற்றையும் சூரியக் காற்றின் கணக்கில் எழுத முடியாது. பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் நிலா பூமியின் காந்த வாலுக்குள் (பூமியின் காந்தப் புலம் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும் பகுதி) போய்விடும், சூரியக் காற்று அநேகமாகப் படாது. சந்திர கிரகணத்தின்போது படம் எடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் சோடியம் இருந்தது. சூரிய ஒளிக்கும் நுண்விண்கற்கள் மோதுவதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

பெரம்பூர் மாடி:
சரி, உங்கள் தகடு வழவழப்பு. நிலாவில் கிடப்பது தூளாச்சே?

அம்பத்தூர் வேக்குவம்:
பழைய கணக்கு அடி வாங்கியதே அங்கேதான் சார். அப்போலோ 16 கொண்டுவந்த மண்ணை வைத்து வியன்னாவில் சோதித்து 2025இல் வெளியிட்டார்கள். ஒரு துகளிலிருந்து கிளம்பும் அணு பக்கத்துத் துகளிலேயே ஒட்டிக்கொள்கிறது. தப்பிப்பது முன்பு நினைத்ததில் பத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். இன்னொரு பக்கம், நம் சந்திரயான்-1இல் போன சாரா கருவி, வந்து மோதும் புரோட்டான்களில் 20 சதவீதம் வரை ஹைட்ரஜன் அணுவாகத் திரும்பிப் போவதைக் கண்டது. அதுவரை தூள் அத்தனையையும் உறிஞ்சிவிடும் என்றுதான் நினைத்திருந்தார்கள்.