மின்கம்பிக்குக் கீழே முருங்கை

கெப்போங்கிலிருந்து:
கோலாலம்பூர் நகரத் தோட்டங்களைப் பற்றிய என் கள ஆய்வில் முதல் வாரம் வீணாய்ப் போனது. உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே கீரைப் பாத்தியில் குனிந்திருந்தவர்கள், என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததுமே நகர்ந்துவிட்டார்கள். காலி பண்ணச் சொல்ல வந்த ஆள் என்று நினைத்திருப்பார்கள். சொந்த நிலமில்லையே, பயம் இருக்கத்தான் செய்யும்.

அடுத்த ஞாயிறு அட்டையில்லாமல் காலை 7 மணிக்குப் போனேன். ஒரு பாட்டி கால்வாயிலிருந்து வாளியோடு மேடேறிக்கொண்டிருந்தார். வாங்கித் தூக்கினேன். ஐந்தாவது நடையில்தான் வாய் திறந்தார்.

அவருடைய முருங்கை என் தோளுயரம்தான். "ஏன் பாட்டி இப்படி வெட்டி வெச்சிருக்கீங்க?"

"மேல கம்பி போவுது பாருய்யா. வளர விட்டா அவங்க வந்து அடியோட வெட்டிருவாங்க. நானே நுனிய வெட்டிட்டா கீரையும் ஓயாம துளிர்க்கும்."

வெட்ட வெட்டப் பக்கக்கிளை அடர்கிறது. பறிக்க ஏணி வேண்டாம். நட்ட முருங்கைக் குச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் பிறந்த ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வாசலிலிருந்து. தோட்டத்தை விற்றபோது சட்டி பானையோடு அதையும் ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறார். இப்போதெல்லாம் பாத்தியை அளப்பதற்கு முன்னால் செடியின் ஊரைத்தான் கேட்கிறேன்.

செந்தூலிலிருந்து:
எங்கள் பிளாட்டுக்குக் கீழே பெயிண்ட் வாளியில் நிற்கும் கருவேப்பிலை, பழைய கம்பத்து (கிராமத்து) வீட்டு மரத்தின் வேரடிக் கன்று. 1974இல் பிரதமர் துன் ரசாக் காலத்தில், வீட்டிலேயே காய்கறி பயிரிடச் சொன்ன பச்சைப் புத்தகத் திட்டம் வந்தபோது, அந்த வீட்டுக் கொல்லையில் அப்பா மரவள்ளி போட்டார். இப்போது ஒரே கவலை ஏடிஸ் கொசு. வாளிக்கடித் தட்டுகளில் மணல் நிரப்பிவிட்டோம், தண்ணீர் தேங்குவதில்லை.

பங்சாரிலிருந்து:
2017இல் தொடங்கிய கெபுன்-கெபுன் பங்சார் என்ற சமூகத் தோட்டத்துக்கும் மேலே தெனாகா மின் நிறுவனத்தின் கம்பிதான். சரிவில் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் நின்று நின்று ஏறினால்தான் ஒவ்வொரு பாத்தியும் கண்ணில் படும். அங்கே பெயர்ப்பலகை உண்டு, பார்க்க வருகிறவர்களும் உண்டு. பாட்டியின் தோட்டத்துக்கு அதெல்லாம் இல்லை என்பது மனத்தை உறுத்துகிறது. அவரிடம் ஒரு முருங்கைக் குச்சி கேட்கலாமா?

கெப்போங்கிலிருந்து:
கேட்டுவிட்டேன், தருகிறாராம். ஞாயிறு 7 மணிக்கு முன்னால் வாருங்கள். வாளி ஒன்று கொண்டு வந்தால் நல்லது, அவரிடம் இருப்பது இரண்டுதான்.