‘ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்’ தொடரின் தொடக்க அத்தியாயங்கள்: பார்த்தவர்களின் அனுபவங்கள்

அமெரிக்காவின் ஏ.எம்.சி. தொலைக்காட்சியில் 2014 ஜூன் மாதம் ஒளிபரப்பாகத் தொடங்கிய இந்தத் தொடரை நான் மிகவும் தாமதமாக, இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். தனிநபர் கணினியின் வரலாறு என்றாலே கலிபோர்னியாவையும் அங்கே ஒரு கேரேஜில் உட்கார்ந்திருக்கும் இரண்டு இளைஞர்களையும் மட்டுமே காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டின் டெக்சாஸில், டாலஸ் நகரை ஒட்டிய பகுதியில் கதை தொடங்குவதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிய ஜோ மெக்மில்லன், கார்டிஃப் எலெக்ட்ரிக் என்ற கற்பனை நிறுவனத்தில் வந்து சேர்கிறார். அவர் அங்கே வருவதே கார்டன் கிளார்க் என்ற பொறியாளருக்காகத்தான். கார்டன் ஒரு காலத்தில் தன் மனைவி டோனாவுடன் சேர்ந்து சொந்தமாக ஒரு கணினியை உருவாக்கி, அது கண்காட்சியில் தோற்றுப்போனதிலிருந்து எழுந்திருக்காமல், கொடுத்த வேலையைச் செய்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பவர். இருவரும் ஒரு வார இறுதியில் ஐ.பி.எம். பி.சி.யைப் பிரித்துப் போட்டு, அதன் பயாஸ் சிப்பை (கணினியைத் தொடங்கிவைத்து, அதன் பாகங்களை மென்பொருளோடு இணைக்கும் நிரல் பதிந்த சிப்) கழற்றி, எல்.இ.டி. விளக்குகள் எரிவதையும் அணைவதையும் பார்த்து ஒவ்வொரு மதிப்பாக ஒருவர் சொல்ல மற்றவர் எழுதிக்கொள்ளும் காட்சிதான் முதல் அத்தியாயத்தின் உயிர். துப்பாக்கியோ துரத்தலோ இல்லாமல், ஹெக்ஸாடெசிமல் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட) எண்களைச் சொல்லி எழுதுவதை மட்டுமே காட்டி, பார்ப்பவரை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

அந்தச் சிப்பைத்தான் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைத் தொடர் ஓரளவுக்குத்தான் விளக்குகிறது. 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் இருந்த 4.77 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் 8088 செயலியைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட் மற்றவர்களுக்கும் விற்றது. ஐ.பி.எம். தன்னுடையது என்று சட்டப்படி பிடித்து வைத்துக்கொள்ள முடிந்தது எட்டே கிலோபைட் அளவுள்ள அந்த பயாஸ் நிரலை மட்டும்தான். அதைக் கடந்துவிட்டால் ஐ.பி.எம். கணினிக்கு எழுதிய எந்த மென்பொருளும் உங்கள் பெட்டியிலும் ஓடும்.

குறை சொல்வதானால், ஜோ வாய் திறந்து எதிர்காலத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போதெல்லாம் தொடர் விளம்பரப் படமாகிவிடுகிறது. கார்டனாக வரும் ஸ்கூட் மெக்நெய்ரி பற்றவைப்புக் கோலைக் கையில் எடுத்ததும் மீண்டும் நாடகமாகிறது. மற்றவர்களுக்கு எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி:

நீங்கள் இருக்கை நுனியில் பார்த்த அதே காட்சியில் நான் சிரித்துவிட்டேன், நண்பரே. தொண்ணூறுகளில் சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்கள் வாங்கிக் கணினி அசெம்பிள் செய்து கொடுத்தே குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயாஸ் நிரலைப் படிக்க அந்தச் சிப்பைக் கழற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஐ.பி.எம். தன்னுடைய தொழில்நுட்பக் கையேட்டில் அந்த நிரலை முழுவதுமாக அச்சிட்டே விற்றது. கையேடு வேண்டாம் என்றாலும், அந்தக் கணினியிலேயே பேசிக் மொழியில் சில வரிகள் எழுதி, சிப்பில் இருப்பதை அப்படியே திரையில் கொண்டுவந்துவிடலாம்.

ஆனால் அச்சிட்டுக் கொடுத்ததால் ஐ.பி.எம். ஏமாளி என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கையேட்டைப் படித்தவர் எவரும் பிறகு சொந்தமாக ஒரு பயாஸ் எழுதினால், ‘எங்கள் பதிப்புரிமையைத் திருடிவிட்டார்’ என்று வழக்குப் போடுவது எளிதாகிவிடும். அதனால்தான் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தை விட்டு வந்த ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ ஆகிய மூவரும் 1982 பிப்ரவரியில் ஹூஸ்டனில் காம்பாக் கணினி நிறுவனத்தைத் தொடங்கியபோது வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். நிரலைப் படித்த ஒரு குழு, அது என்னென்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தது. நிரலைக் கண்ணாலும் பார்த்திராத இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதியது. இந்த வேலைக்கு ஏறக்குறைய 10 லட்சம் டாலர் செலவானதாகச் சொல்வார்கள். தொடர் அந்த வேலை முழுவதையும் கேமரன் என்ற கல்லூரிப் பெண் ஒருத்தியின் தலையில் கட்டிவிடுகிறது. கதைக்கு அது வசதி. நடந்ததற்கு அது வெகு தூரம்.

1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் இதே முறையில் ஒரு பயாஸை எழுதி, கேட்டவர்க்கெல்லாம் உரிமம் விற்கத் தொடங்கியது. பெயர் தெரியாத நிறுவனங்களும் கணினி செய்ய வழி பிறந்தது அதற்குப் பிறகுதான். நான் பொருத்திக் கொடுத்த பெட்டிகளில் மின்சாரம் போட்டதும் ஒரு ‘பீப்’ ஒலி கேட்கும். திரையில் அவார்டு அல்லது ஏ.எம்.ஐ. என்று பயாஸ் எழுதிய நிறுவனத்தின் பெயர் வரும். கீழே மெமரி எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறும். அந்த எண் முழுதாக ஏறி நிற்கும்வரை வாடிக்கையாளரைவிட எனக்குத்தான் படபடப்பு அதிகம். என் பிழைப்புக்கு வழி திறந்த வேலை அந்தச் சிப்பைச் சுற்றித்தான் நடந்தது என்பதால், இத்தனை குறை சொல்லியும் அடுத்த அத்தியாயத்தைப் போடாமல் இருக்க முடியவில்லை.

மறுமொழி:

ஐயா சொன்ன அந்த ‘நிரலைப் படிக்காதவர் மட்டும் எழுதும்’ முறைதான் இரண்டாம் அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. கேமரன் நிரல் எழுதும்போது வழக்கறிஞர் கண்காணிக்கிறார். நிரல் முழுவதையும் அறிந்த கார்டன் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாடிக்கையாளரின் ரகசிய ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பட்டு, பக்கத்து மேசைத் தோழியிடமும் வேலையைப் பற்றிப் பேசாமல் மென்பொருள் எழுதிய எனக்கு அந்த மூச்சுமுட்டல் நன்றாகவே தெரியும்.

ஆனால் என் மனத்தில் நிற்பவள் டோனாதான். குழந்தைகளின் பேசும் பொம்மையான ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ உடைந்துபோக, அதைத் திறந்து சரிசெய்பவள் அவள். அந்தப் பொம்மையை 1978இல் வெளியிட்டது அவள் பணியாற்றும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி கூடுதலாக ஒன்றைச் சொல்லும். இதே நிறுவனம் போட்டிக் கணினி நிறுவனமான காமடோருடன் நடத்திய விலைப்போரில் தோற்று, கதை நடக்கும் அதே 1983இன் அக்டோபரில் வீட்டுக் கணினித் தொழிலையே கைவிடுவதாக அறிவித்தது. கணவனுக்கு நிகரான பொறியாளர். ஆனால் கணவனின் கனவுக்காக வீட்டுப் பொறுப்பையும் சம்பளத்தையும் சுமப்பவள் அவள்தான். கெர்ரி பிஷே இதைப் புலம்பலாக ஆக்காமல், சலிப்பை முகத்தில் மட்டும் வைத்து நடித்திருக்கிறார். முதல் அத்தியாயங்களை எழுதியவர்களுக்கு ஜோவின் மீதிருந்த மயக்கத்தில் இவளுக்கு இன்னும் போதிய இடம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

மறுமொழி:

தலைப்பைப் பற்றி ஒரு சிறு திருத்தம். ‘ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்’ (‘நின்று தீப்பிடி’) என்பது ஒரு கணினிக் கட்டளையின் பட்டப்பெயர். எல்லாக் கட்டளைகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டு இயந்திரம் கட்டுப்பாட்டை இழப்பதாகத் தொடரின் தொடக்கத்தில் எழுத்தில் காட்டுகிறார்கள். மோட்டோரோலா 6800 செயலியில் இந்தப் பட்டப்பெயரைப் பெற்ற, கையேட்டில் சொல்லப்படாத கட்டளை அப்படிச் செய்வதில்லை. அது நினைவக முகவரிகளை வரிசையாக, ஓயாமல் படித்துக்கொண்டே போகும். ரீசெட் செய்தால்தான் நிற்கும்.

முதல் பதிவை எழுதியவரின் பதில்:

ரிச்சி தெரு நண்பருக்கு நன்றி. நீங்கள் சொன்ன சட்ட அச்சம் கற்பனையன்று என்பதற்கு ஒரு வழக்கைச் சேர்க்கிறேன். ஆப்பிள் கணினியின் ரோம் சிப்புகளில் பதிந்த நிரல்களை அப்படியே பெயர்த்துத் தன் கணினியில் வைத்த ஃபிராங்க்ளின் நிறுவனம், சிப்பில் பதிந்த நிரலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று வாதாடியது. அதை 1983 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. தொடரில் ஐ.பி.எம். வழக்கறிஞர்கள் கறுப்பு உடையில் படையாக நுழைவதை மிகை என்று நினைத்திருந்தேன். தேதியை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

மறுமொழி:

முழுவதையும் பார்த்தவன் என்ற முறையில், டோனாவுக்கு இடமில்லை என்று வருந்திய சகோதரிக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். கதையைக் கெடுக்க மாட்டேன். இரண்டாம் பருவத்தில் டோனாவும் கேமரனும் சேர்ந்து தொலைபேசி இணைப்பு வழியே விளையாட்டுகள் தரும் ஒரு சிறு நிறுவனத்தை நடத்துகிறார்கள்; ஜோ ஓரத்துக்குப் போகிறார். பார்வையாளர் எண்ணிக்கை குறைவாகவே இருந்தும் நான்கு பருவங்கள், 40 அத்தியாயங்கள் வரை விட்டுவைத்தார்கள். 2017 அக்டோபரில் முடிந்தது. முதல் பருவத்தின் நடுப்பகுதி கொஞ்சம் இழுக்கும். அதைப் பொறுத்துக்கொண்டு கடந்துவிடுங்கள்.