மூன்றரைக் கட்டை கேட்ட ஐயா: திருகோணமலை இசைக்கருவிக் கடை அனுபவங்கள், நாலு பேர் எழுதியவை

கடையில் நின்றவன்

பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கிட்ட ஒரு இசைக்கருவிக் கடையில் 6 வருடம் நின்றேன். எத்தனையோ பேர் வந்து போனார்கள், இந்த ஐயா மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

மூதூர்ப் பக்கமிருந்து வந்தவர். கோயிலில் மகள் சம்பந்தருடைய கோணமாமலைப் பதிகம் பாட, மகன் மிருதங்கம் வாசிக்க வேண்டுமாம். பாட்டு ரீச்சர் எழுதிக் கொடுத்த துண்டைப் பார்த்து ஒன்றை எடுத்து வைத்தேன்.

“இது அஞ்சரை, ஐயா.”

“அஞ்சரை கூடத் தம்பி. மூண்டரைக்கு ஏலாதோ?”

சுருதியைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்; பாடுகிற குரலின் உயரத்தைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். “மூண்டரை எண்டு ஒண்டு இல்லை ஐயா. மூண்டுக்கு அடுத்தது நாலுதான்.”

“சரி, அப்ப நாலுக்குத் தாரும்.”

நாலு கட்டை மிருதங்கத்தை இறக்கினேன். சுருதி இறங்க இறங்கக் கருவி பெரிதாகும் அல்லவா? அஞ்சரைக்குப் பக்கத்தில் அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஐயாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “காசு குறைய, சாமான் பெருசாகுதே!” என்று கடைக்கு வெளியே நின்ற மகனைக் கூப்பிட்டார்.

அப்போதுதான் விளங்கியது, அவர் கட்டையை அல்ல, ஆயிரம் ரூபாய்க் கணக்கில் விலையைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். உண்மையான விலையைச் சொன்னதும் அந்த முகம் வாடியதே, அதை இன்றும் மறக்க முடியவில்லை. நல்ல காலம், முதலாளி 2 தவணையில் தரச் சொல்லி அஞ்சரையையே கொடுத்து அனுப்பினார். மற்றத் தவணையை ஐயா சொன்ன நாளுக்கு முன்னமே கொண்டுவந்து தந்தார்.

உப்புவெளி அண்ணா

என் கதை எலக்ட்ரானிக் தம்புரா, பாடுபவருக்குச் சுருதி பிடிக்க ஒலித்துக்கொண்டே இருக்கும் பெட்டி. எங்கள் கடையில் ஒருவர் வாங்கிப்போய் அடுத்த நாள் காலை, கடை திறக்கும் முன்பே படியில் நிற்கிறார். “தம்பி, இது பழுது. முதல் நாலு சத்தத்திலேயே நிக்குது. பாட்டு எப்பத் தொடங்கும்?” ப ஸ ஸ ஸ, அதற்கு மேல் வேறொன்றும் வராததால் இரவு 11 மணி வரை வீட்டில் எல்லோரும் சுற்றி இருந்து காத்திருக்கிறார்கள்! “பாட்டை நீங்கள்தான் பாட வேண்டும்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப நான் பழகத்தான் வேணும்” என்றார். பிறகு உண்மையாகவே பழகப் போனார். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

மிருதங்க வாத்தியார்

முதலில் எழுதிய தம்பி, மூன்றரை இல்லவே இல்லை என்பது சரியில்லை. ஆர்மோனியத்தில் மூன்றாம் வெள்ளைக்கட்டைக்கும் நாலாவதுக்கும் நடுவில் கறுப்புக்கட்டை இல்லை, அதனால் அந்தப் பெயர் வரவில்லை. ஆனால் குரல் கட்டை பார்த்தா நிற்கும்? இரண்டுக்கும் நடுவில் பாடுகிற பிள்ளைகள் என்னிடமே படித்தார்கள். மிருதங்கத்தையும் அதற்குச் சேர்க்கலாம். விளிம்பில் மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும்.

என் கதை சின்னது. ஒரு தாய் மிருதங்கம் வாங்கிய மறுநாள் கடைக்குப் போய், “தொப்பி தர மறந்திட்டீங்கள்” என்று கேட்டிருக்கிறார். ‘தொப்பிக்கு ரவை போட வேண்டும்’ என்று நான் பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். தலையில் போடுகிற தொப்பி என்று நினைத்து, ரவையை அதற்குள் ஏன் போட வேண்டும் என்று இரவு முழுக்கக் குழம்பியிருக்கிறார். தொப்பி என்பது இடந்தலை, மிருதங்கத்தின் இடது பக்கம்.

ரவை என்றதும் சொல்ல வேண்டும். குழைத்து அப்பிய ரவையை வாசித்து முடிந்ததும் சுரண்டி எடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு வரும், எலி வரும், தோலும் சேர்ந்து போகும். நமக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. மாரியில் தோல் ஈரம் குடித்துச் சுருதி இறங்கும்; அதற்காக வெயிலில் வைக்காதீர்கள். கச்சான் என்னும் வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் தோல் காய்ந்து சுருதி தானாக ஏறும். சிமெந்துத் தரையில் வைக்க வேண்டாம், உறை போட்டு வாங்கில் வையுங்கள். வலந்தலையின், அதாவது வலது பக்கத்தின், நடுவில் இருக்கும் ‘சோறு’ என்கிற கறுப்புப் பூச்சில் ஈரக் கை படக்கூடாது. பெற்றோர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

நிலாவெளிப் பிள்ளை

வாத்தியார் ஐயா, எங்கள் வீட்டில் எலி வரவில்லை, ஆச்சி இருந்தா.

வடஇலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் புது வயலின் வாங்கினோம். வீட்டில் வில்லைப் போட்டால் சத்தமே வரவில்லை. அப்பா கோபத்தோடு என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்: “ஊமை வயலின் தந்திருக்கிறீங்கள்!” கடை அண்ணா வில்லைத் தடவிப் பார்த்துவிட்டு, “ரோசின் போட்டீங்களோ? பெட்டிக்குள்ள ஒரு மஞ்சள் கட்டி இருந்திருக்குமே?” என்றார்.

இருந்தது. முதல் நாள் வெள்ளிக்கிழமை. ஆச்சி அதைச் சாம்பிராணி என்று எடுத்துத் தணலில் போட்டுவிட்டா. வீடு முழுக்கப் புகை, பக்கத்து வீட்டு மாமி தண்ணீர் வாளியோடு ஓடி வந்தா. கடை அண்ணா எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. “அதுவும் ஒரு மரத்துப் பிசின்தான், ஆச்சி முழுக்கப் பிழை விடேல்லை” என்றார். ஒரு கட்டியை வில்லில் தேய்த்து இழுத்துக் காட்டினார். என் வயலினின் முதல் ‘ஸ’ அந்தக் கடையில்தான் கேட்டது.

அடுத்த கட்டி வாங்கப் போனபோது ஆச்சியும் வந்தா. “பிள்ளைக்கு ஒண்டு தாரும் தம்பி. நல்லாப் புகைஞ்சது, பூசைக்கும் ஒண்டு தாரும்.”