பதினைந்து நாளில் பெயர் மாற்றிய கதை: உங்களுக்கும் நடந்திருந்தால் சொல்லுங்கள்

செக்குக்காரன், வெள்ளகோவில்:

எங்களுடையது மரச்செக்கு. அப்பா தொடங்கியது. மூன்று செக்கு, ஏழு ஆட்கள். போன வருடம் தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் ஒன்று வந்தது. எங்கள் பெயரைப் போலவே ஒலிக்கும் ஒரு பெயரை வெளிமாநிலத்து நிறுவனம் ஒன்று வணிகக்குறிப் பதிவில் சமையல் எண்ணெய் வருகிற 29-ஆம் வகுப்பில் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டதாம். எழுத்து வேறு, பொருள் வேறு; வாயால் சொன்னால் மட்டும் ஒன்றுதான். 15 நாளில் நிறுத்தச் சொன்னார்கள்.

நம் வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "அவங்களுக்கு முன்னாடியிருந்தே இந்தப் பேர்ல வித்ததுக்குப் பில் இருக்கா?" இருந்தால் சட்டத்தில் வழி உண்டாம். அப்பா அந்தக் காலத்தில் வெறும் துண்டுச்சீட்டில்தான் கணக்கு எழுதினார். "அப்ப சண்டை போடலாம், செக்கை வித்துட்டுப் போடுங்க" என்றார் வக்கீல். பெயரை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுத்தோம். அதனால் பழைய பெயரை இங்கே சொல்ல முடியாது. புதுப் பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பீர்கள்.

டிசைனருக்குக் கொடுக்கக் காசும் இல்லை, காத்திருக்க நாளும் இல்லை. கல்லூரியில் படிக்கும் அக்கா மகள்தான் இணையத்தில் படம் வடிவமைக்கும் கேன்வாவில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் எண்ணெய்த் துளியும் இலையுமாக அழகான லோகோ ஒன்று தயார். வக்கீலிடம் காட்டினால், "இந்தத் துளி நீங்க வரைஞ்சதா?" என்கிறார். இல்லை, அங்கேயே இருந்த படம். அந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், அதனால் அதை நமக்கு மட்டும் உரிய வணிகக்குறியாகப் பதிய முடியாது. கேன்வாவின் விதிகளிலேயே அது தெளிவாக எழுதியிருக்கிறது. படிக்காதது எங்கள் தப்பு.

அப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அப்பா பற்றுவரவு நோட்டில் எழுதுகிற எழுத்து கொஞ்சம் சாய்ந்து, சுழி பெரிதாக இருக்கும். புதுப் பெயரை மார்க்கர் பேனாவால் இருபது முறை எழுதச் சொன்னாள். நல்லதாக ஒன்றைப் போட்டோ எடுத்து, பின்னணியை நீக்கி, ஒரே நிறத்தில் வைத்தாள். அதுதான் இன்றைக்கும் லோகோ. இந்த முறை பதிவு விண்ணப்பத்தையும் உடனே போட்டோம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையத்தில் ஒரு வகுப்புக்கு 4500 ரூபாய், பெரிய நிறுவனங்களுக்கு 9000. பெயர் தமிழ் எழுத்தில் இருந்ததால் ஆங்கில ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. போடும் முன் வணிகக்குறித் தளத்தில் ஒலியை வைத்தும் தேடினோம். எழுத்தை மட்டும் தேடி ஏமாந்தவர்கள் நாங்கள்.

இணையதளமும் இரண்டே ராத்திரியில் முடிந்தது. இழுத்துப் போட்டு அமைக்கும் கருவி ஒன்றில் ஒரே பக்கம். ஆர்டருக்குக் கூகுள் படிவம், அது நேராக ஷீட்டில் விழும். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக். நிரல் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பெருமை மறுநாள் காலை வரைதான் இருந்தது. புது டொமைனில், அதாவது புதுப் பெயரில் வாங்கிய இணைய முகவரியில், நான்கு நாள் முன்பே மின்னஞ்சல் திறந்து, மொத்த வியாபாரிகளுக்கெல்லாம் அந்த முகவரியைக் கொடுத்திருந்தேன். தளத்தை இணைக்கும்போது திரையில் வந்ததை அப்படியே நம்பி, டொமைனின் எல்லாப் பதிவுகளையும் வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றிவிட்டேன். மின்னஞ்சலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவுகள் பழைய இடத்தில் இருந்தன. அவை அதோடு போயின. இரண்டு நாள் ஒரு மெயில்கூட வரவில்லை. தீபாவளி நெருக்கத்தில் யாருமே எழுதவில்லையே என்று நான் பாட்டுக்கு எண்ணெய் வடிகட்டிக்கொண்டிருந்தேன். இணைக்கப் போகிறவர்கள் இந்தப் பதிவுகளெல்லாம் இருக்கும் டி.என்.எஸ். பக்கத்தை முதலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு உரிய ஏ (A) பதிவையோ சி-நேம் (CNAME) பதிவையோ மட்டும் மாற்றினால் போதும்.

பழைய டொமைனிலிருந்து 301 (நிரந்தரமாகத் திருப்பிவிடும் குறியீடு) போட்டுப் புதியதற்குத் திருப்பிவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரியான யோசனைதான், பழைய டொமைன் உங்கள் கையில் இருந்தால். நாங்கள் அதையும் ஒப்படைத்துவிட்டோம்.

லேபிள் கதை தனி. கைக்கு வந்த ஆயிரம் ஸ்டிக்கரிலும் 'மரச்செக்கு' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு 'ச'-வுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது. எங்கள் பச்சையும் பாசி நிறமாகிவிட்டது. கணினியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இது யார் தப்பு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

---

அச்சு மாமா, சிவகாசி:

தம்பி, அந்தக் கொம்பு கதை எங்களுக்குத் தினசரிக் கதை. நீங்கள் யூனிகோடில் அடித்து அனுப்புகிறீர்கள். அச்சகத்தில் பழைய பதிப்பு மென்பொருளில் திறந்தால் அதற்குத் தமிழைக் கோக்கத் தெரியாது, எழுத்து உள்ளே இருக்கிற வரிசையில் அப்படியே விழுந்துவிடும். அதனால்தான் கொம்பு பின்னால் போகிறது. எழுத்தாக அனுப்பாமல், எழுத்தின் வடிவத்தையே வரைந்த கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பி.டி.எஃப். கொடுங்கள், கூடவே சரியாகத் தெரிகிற ஒரு படமும். அதைப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்போம்.

பச்சைக்கு யாரையும் திட்டாதீர்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, நாங்கள் நான்கு மையால் காட்டுகிறோம். பளிச்சென்ற பச்சையும் ஆரஞ்சும் அந்த நான்கு மையில் பிறக்கவே பிறக்காது. முதலில் ஒரே ஒரு தாள் அடித்துக் கொடுக்கச் சொல்லி, வெயிலில் நின்று பார்த்துவிட்டு ஆயிரத்துக்குச் சரி சொல்லுங்கள். அவசரத்தில் வருகிறவர்கள் விடுவது இந்த ஒரு தாளைத்தான்.

இன்னொன்று. லேபிளில் வட்டத்துக்குள் ஆர் (®), அதாவது பதிவான வணிகக்குறி என்ற அடையாளம், போடச் சொல்லி வருவார்கள். பதிவு கைக்கு வராமல் அதைப் போடுவது சட்டத்துக்கு விரோதம், அபராதம் கட்ட வேண்டிவரும். விண்ணப்பம் மட்டும் போட்டிருந்தால் டி.எம். (™) போதும்.

---

கணக்கு அக்கா, ஈரோடு:

செக்குக்காரத் தம்பி, ஜி.எஸ்.டி.யில் வணிகப் பெயரைத் திருத்தினீர்களா? மாற்றம் நடந்த 15 நாளுக்குள் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். பான் அதேதான் என்றால் ஜி.எஸ்.டி. எண் மாறாது, பயப்பட வேண்டாம். உணவு உரிமத்திலும், சிறுதொழில் பதிவான உத்யமிலும் மாற்றுங்கள். லேபிளில் ஒரு பெயர், உரிமத்தில் வேறு பெயர் என்று இருந்தால் ஆய்வுக்கு வருகிறவரிடம் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

என்னிடம் வருகிறவர்கள் மறப்பது கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையைத்தான். ஸ்கேன் செய்தால் பழைய பெயர் வரும். பலகையில் வேறு பெயர். மோசடிச் செய்தியாகப் படித்துப் படித்துப் பழகிய சனம், பணம் போடாமல் போனைக் கீழே வைத்துவிடுகிறது. ஒரு பாத்திரக் கடைக்காரர் இதனால் ஒரு வாரம் ரொக்கத்துக்கு மட்டுமே விற்றார்.

---

சுங்குடிக்காரி, மதுரை:

எனக்கு நோட்டீஸ் எல்லாம் வரவில்லை, வேலியில் போன ஓணானை நானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். பெயர் பழசாகத் தெரிகிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெயர், நிறம், இன்ஸ்டா படம், வாட்ஸ்அப் பெயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். எல்லாம் போனிலேயே. திங்கட்கிழமை பழைய வாடிக்கையாளர் ஒருவர் அழைத்து, "உங்க அக்கவுண்டை யாரோ திருடிட்டாங்க, உடனே பாருங்கம்மா" என்றார். அன்று மட்டும் அப்படிப் பதினொரு அழைப்பு. சிலர் அழைக்கவே இல்லை, புகார் அழுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

வேகமாக மாற்ற முடிகிறது என்பதற்காகவே வேகமாக மாற்றியது என் பிழை. நம் ஊர் ஸோஹோவைப் பாருங்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கினார்கள். 2005-லிருந்து ஸோஹோ என்ற பெயரில் மென்பொருள் வந்துகொண்டிருந்தது. 2009-ல்தான் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ கார்ப்பரேஷன் ஆனது. அதற்குள் அந்தப் பெயர் சனங்களுக்குப் பழகிப்போயிருந்தது. நான் பழைய பெயரைத் திரும்பப் போட்டு, அதன் கீழே சின்னதாகப் புதுப் பெயரை வைத்தேன். ஆறு மாதம் கழித்து இரண்டையும் இடம் மாற்றினேன். அப்போது யாரும் அழைக்கவில்லை.

---

செக்குக்காரன், வெள்ளகோவில்:

அக்கா, ஜி.எஸ்.டி. 14-ஆம் நாள் போட்டேன், ஆடிட்டர் திட்டியபிறகு. க்யூ.ஆர். நீங்கள் சொன்ன அதே கதைதான். கூகுள் வரைபடத்தில் பெயரை மாற்றியதும் மறுபடி சரிபார்ப்பு வந்தது. பலகை, செக்கு, உள்ளே நான் கதவு திறப்பது எல்லாம் ஒரே வீடியோவில். பலகை அன்றைக்குத்தான் எழுதியது, பெயிண்டு காயவில்லை.

மதுரை அக்கா, இரண்டு பெயரையும் சேர்த்துப் போடும் வசதி எனக்கு இல்லை, எழுதிக் கொடுத்தாயிற்றே. ஆள் மாறிவிட்டது, கலப்படம் வந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. அதற்கு எந்தக் கருவியிலும் பதில் கிடைக்கவில்லை. அப்பாதான் ஒரு நாள் போனை வாங்கி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். நாற்பது விநாடி இருக்கும். "நான்தான் பேசறனுங்க. செக்கு அதே செக்கு, கடலை அதே கடலை. பேரு மட்டும் மாத்திப்போட்டம். சந்தேகம்னா வந்து நின்னு ஆட்டிட்டுப் போங்க." பின்னால் செக்கு சுற்றுகிற சத்தமும் கேட்கும்.

அடுத்த ஞாயிறு உண்மையிலேயே நான்கு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் சொந்தக் கடலையோடு.