புதுப்பிப்பு: திறந்த ஏர் ஃபில்டரும் குறைந்துபோன இழுவையும்

திறந்த கூம்பு வடிவ ஏர் ஃபில்டரைப் பொருத்திய பின் என் பெட்ரோல் காரில் உறுமல் கூடியதே தவிர, மதிய நெரிசலில் இழுவை குறைந்துவிட்டது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். காரின் கணினி தரும் அளவீடுகளைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: வெளியே 36 டிகிரி இருக்கையில், சிக்னலில் நிற்கும்போது எஞ்சினுக்குள் செல்லும் காற்று 61 டிகிரியைத் தொட்டது. காற்றின் வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைவதால், பானெட்டுக்குள் வெந்த காற்றை இழுக்கும் ஃபில்டர் எவ்வளவு தாராளமாக வழிவிட்டாலும் சிலிண்டருக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவுதான்.

ஃபில்டரை மூடியிருக்கும் பழைய பெட்டியையும், கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை எடுக்கும் அதன் குழாயையும் மீண்டும் மாட்டி, புதிய காகித ஃபில்டரை வைத்தேன். அதே சிக்னலில் இப்போது 44 டிகிரி. கழற்றிய ஃபில்டரில் தூசியைப் பிடிப்பதற்காக நான் அளவுக்கு மீறித் தடவிய எண்ணெய், எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அளவைக் கணிக்கும் காற்றோட்ட சென்சாரின் மெல்லிய கம்பியில் தூசியோடு படிந்திருந்தது. அதற்குரிய கிளீனரைத் தெளித்து உலரவிட்ட பின் ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்கையில் எஞ்சின் ஓடும்போது, இருந்த தடுமாற்றமும் நின்றது. உறுமல் போனதில் என் மகனுக்குத்தான் வருத்தம்.