ஏஸ் ஜோடி வந்தால் எவ்வளவு போடுவது?

பாளைக்காரன்:
எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை ராத்திரிகளில் எட்டுப் பேர் கூடி போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறோம். 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டு ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்த பிறகு, செல்போனே கதி என்று கிடந்த பயல்களை நான்தான் இழுத்துவந்து உட்கார வைத்தேன். இங்கே பணம் கிடையாது. ஜெயிப்பவனுக்கு அரைக் கிலோ அல்வா. அதுவும் மற்றவர்கள் பிய்த்துத் தின்றது போக மிச்சம்தான் வீட்டுக்குப் போகும்.

ஆளுக்கு 5000 சிப். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்குமுன் இரண்டு பேர் கட்டாயமாகப் போடுகிற தொகை, 25/50-ல் (ஸ்மால்/பிக்) தொடங்கி இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். போன ஆட்டத்தில் பிளைண்ட் 100/200, என்னிடம் 6000. முதலில் பேசவேண்டிய இடம் (போடுவதா, கவிழ்ப்பதா என்று மற்றவர்களுக்கு முன்னால் முடிவு சொல்லவேண்டும்), கையில் இரண்டு ஏஸ். 1200 போட்டேன். ஏழு பேரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள், கிடைத்தது வெறும் 300. சரி, கொஞ்சம் ஆசை காட்டுவோம் என்று அடுத்து கிங் ஜோடி வந்தபோது 400 மட்டும் போட்டேன். நாலு பேர் உள்ளே வந்தார்கள். பிளாப்பில், அதாவது நடுவில் எல்லாருக்கும் பொதுவாக விரிக்கிற முதல் மூன்று சீட்டில், ஏஸ் விழுந்தது. பிக் பிளைண்டில் இருந்த மச்சான் ஏஸ்-மூன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனான். பெரிதாகப் போட்டால் ஓடுகிறார்கள், சின்னதாகப் போட்டால் திருவிழாக் கூட்டம். எவ்வளவுதான் போடுவது?

வள்ளியூர் எக்ஸ்பிரஸ்:
இதில் யோசிக்க என்ன இருக்கு மக்கா? ஏஸ் ஜோடி என்றால் ஆல்-இன், இருக்கிற சிப்பை மொத்தமாகத் தள்ளிவிடவேண்டியதுதான். பிளாப்பைப் பார்த்துப் பயப்படுகிற வேலையே கிடையாது.

சேர்மாதேவி அண்ணாச்சி:
எக்ஸ்பிரஸ் தம்பி சொல்வது பத்து, பன்னிரண்டு பிக் பிளைண்ட் அளவுக்குச் சிப் மட்டும் மிச்சம் இருப்பவனுக்குச் சரி. இவரிடம் முப்பது இருக்கிறது. அதை மொத்தமாகத் தள்ளினால் ஓரளவு நல்ல சீட்டு வைத்திருப்பவன்கூட ஒதுங்கிவிடுவான்.

பாளைக்காரத் தம்பி, 1200, 400 என்று இரண்டு தொகை எழுதியிருக்கிறீர்கள். ஏஸ்-ஜாக், எட்டு ஜோடி மாதிரி சுமாரான சீட்டு வரும்போது எவ்வளவு போடுவீர்கள் என்று எழுதவில்லையே?

பாளைக்காரன்:
அப்போதெல்லாம் 500 போடுவேன் அண்ணாச்சி. கை தன்னாலே அதைத்தான் எடுக்கும்.

சேர்மாதேவி அண்ணாச்சி:
அப்படியென்றால் ஏஸுக்கும் அந்த 500-தான். நான் பேங்க் கேஷ் கவுண்டரில் காலம் தள்ளியவன். கட்டை எண்ணுகிற கையின் வேகம் மாறினாலே எதிரே நிற்பவர் மனசில் என்னவோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். தினமும் 500 போடுகிற ஆள் ஒருநாள் பச்சைச் சிப்பைத் தனியாகப் பிரித்து, இரண்டு தடவை எண்ணி, 1200 வைத்தால் யார் உள்ளே வருவான்? ஏழு பேர் கவிழ்த்ததில் ஆச்சரியமே இல்லை.

400 ஏன் ஆகாது என்றால், உங்களுக்குப் பிறகு மூன்று பேர் வந்ததுமே நடுவில் 1900 சேர்ந்துவிட்டது. மச்சான் இன்னும் 200 போட்டால் போதும். பத்தில் ஒரு தடவை ஜெயித்தாலே அவருக்குக் கட்டுபடியாகும். ஏஸ்-மூன்று என்ன, ஒன்பது-நாலு வைத்திருந்தாலும் நான் வந்திருப்பேன்.

ஏஸ் ஜோடி, எதிரே ஒரே ஒருவன் எந்தச் சீட்டை வைத்திருந்தாலும், சராசரியாக 85 சதவீதம் ஜெயிக்கும். எதிரே நாலு பேர் என்றால் 56 சதவீதம். ஐந்து பேர் ஆடுகிற இடத்தில் அது இன்னமும் பெரிய பங்குதான். ரொக்க ஆட்டமாக இருந்தால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளலாம், தோற்றால் மறுபடி சிப் வாங்கிக்கொள்ளலாம். டோர்னமென்டில் சிப் போனால் எழுந்து போய் மற்றவர்களுக்கு டீ போடவேண்டியதுதான்.

அப்புறம், 500 போட்டால் பாட் (நடுவில் சேருகிற சிப்) சின்னதாகவே நின்றுவிடுமோ என்று பயப்படவேண்டாம். பிக் பிளைண்ட் மட்டும் வந்தால் பாட் 1100, உங்களிடம் 5500. பிளாப்பில் 550 போட்டு அவர் வந்தால் பாட் 2200. டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) 1300, பாட் 4800. ரிவருக்கு (கடைசிப் பொதுச் சீட்டு) உங்களிடம் மிச்சம் 3650. அதைத் தள்ளினால் பாட்டில் முக்கால் பங்கு, கூப்பிடத் தோன்றுகிற அளவு. முதல் சுற்றில் அவசரப்படாமலே 6000-மும் உள்ளே போய்விட்டது பாருங்கள்.

தென்காசிச் சாரல்:
அண்ணாச்சி, கணக்கெல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களை நீங்கள் பார்த்ததில்லை. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் ரூம் போட்டு உட்கார்ந்தால் 500 என்ன, 800 போட்டாலும் மூன்று பேர் வருவார்கள். "சும்மாதானே இருக்கோம், பாத்துருவோம்லே" என்பான். அவர்களிடம் போய் ஒரே அளவு என்று ஏன் கட்டிப்போட வேண்டும்? நல்ல சீட்டுக்குக் கூடுதலாக வாங்கினால் என்ன?

சேர்மாதேவி அண்ணாச்சி:
நியாயம். யாருமே கவனிக்காத மேஜையில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, 800 வாங்குங்கள். ஆனால் பாளைக்காரர் மாடியில் 1200-க்கு ஏழு பேரும் ஓடியிருக்கிறார்கள். அவர்கள் கவனிக்கிறார்கள். அங்கே கூட்டம் சேர்ந்தால் 500-ஐ 600 ஆக்கலாம், எல்லாச் சீட்டுக்கும் சேர்த்து. ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். மாடியில் ஒரு ராத்திரிக்கு நூறு கை நடந்தாலே பெரிது. வராத சீட்டுக்காகத் தனி விலை வைத்துவிட்டு, தினம் வருகிற ஏஸ்-ஜாக்கைக் காட்டிக்கொடுப்பானேன்?

பாளைக்காரன்:
எனக்கு முன்னால் இரண்டு பேர் ஏற்றாமல் 200 மட்டும் போட்டு நுழைந்திருந்தால்? எங்கள் ஆட்களுக்கு அதுதான் பிழைப்பு.

சேர்மாதேவி அண்ணாச்சி:
அப்போது 600-ல் தொடங்கி, நுழைந்த ஆளுக்கு ஒரு பிக் பிளைண்ட் கூட்டுங்கள். இரண்டு பேர் என்றால் 1000. ஸ்மால் பிளைண்டில் உட்கார்ந்திருந்தால் பிளாப்புக்குப் பிறகு முதலில் பேசவேண்டியிருக்கும், 1200 வையுங்கள். யாராவது 500-க்கு ஏற்றிய பிறகு உங்கள் முறை வந்தால், அவருக்குப் பின்னால் பேசுகிற இடத்தில் 1500. முன்னால் பேசுகிற இடம் என்றால் 1800, 2000 வரை போகலாம்.

இன்னொன்று. பிளைண்டை 75/150, 150/300 என்று நடுவில் படி வைத்து ஏற்றுங்கள். எட்டுப் பேர் சிப்பும் சேர்ந்து 40,000. இரட்டித்துக்கொண்டே போய் 400/800 வந்துவிட்டால் மேஜை முழுவதற்குமே 50 பிக் பிளைண்ட்தான் இருக்கும். ஐந்து பேர் மிச்சம் என்றால் ஆளுக்குப் பத்து. அதற்குமேல் அளவு பார்க்க ஒன்றுமில்லை, எக்ஸ்பிரஸ் தம்பி சொன்னபடி தள்ளவேண்டியதுதான்.

வள்ளியூர் எக்ஸ்பிரஸ்:
அதைத்தானே அண்ணாச்சி நான் முதல்லயே சொன்னேன்.